ஒருநாள் ஆன் ஆகுது, மறுநாள் ஆகலை... கேமிங் பிசியில் கோளாறு எங்கே? புது ரேம் வாங்கும் முன் இதைப் பாருங்க!

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கலர் லைட் எரிகிறது. ஆனால் மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருக்கிறது. ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் வந்து நிற்கிறது. பார்ட்ஸ் பார்ட்ஸாக வாங்கி வீட்டிலேயே கேமிங் பிசி அசெம்பிள் செய்தவர்களை அதிகம் படுத்தும் பிரச்னை இதுதான். முழுசாகச் செத்துப்போன கம்ப்யூட்டரைக்கூட சரி செய்துவிடலாம். இப்படி "வந்தாலும் வரும், வராமலும் போகும்" ரகம்தான் ஆளை அலைய விடும்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ரேம் போயிருக்கும், மாத்திப் பாருங்க" என்பதுதான். போன வருஷம் வரை அது பெரிய செலவில்லாத யோசனை. இப்போது அப்படி இல்லை. ரேம் விலை எகிறி இருக்கும் நேரத்தில், ஊகத்தை நம்பி ஒரு பார்ட் வாங்குவது பல ஆயிரம் ரூபாய் சூதாட்டம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்தில் இருப்பவர்கள் பிசியைத் தூக்கிக்கொண்டு போய், வேறு ரேம், வேறு எஸ்எம்பிஎஸ் போட்டு உடனே சோதித்துவிடலாம். தென்காசி மாவட்டம் திருவேங்கடம் மாதிரியான ஊரில் இருப்பவருக்கு அந்த வசதி பக்கத்துத் தெருவில் கிடையாது. சங்கரன்கோவிலுக்கோ, கோவில்பட்டிக்கோ, நெல்லைக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப் போய் வாங்கி வந்த பார்ட்டைப் போட்டும் பிரச்னை தீரவில்லை என்றால் பணமும் போச்சு, நாளும் போச்சு.

ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை எந்த பார்ட்டும் வாங்காமல் வீட்டிலேயே அடையாளம் காண முடியும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறியது?

உலகத்தில் மெமரி சிப் தயாரிப்பின் பெரும்பகுதி 3 நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தென் கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கு மெமரி மிக அதிகமாகத் தேவைப்படுவதால், இந்த நிறுவனங்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2025 அக்டோபரில், ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஸ்டார்கேட் திட்டத்துக்கு மெமரி வழங்க சாம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும் கைகோத்தன. 2025 டிசம்பர் 3-ம் தேதி, வீட்டு உபயோகத்துக்கான தனது 'க்ரூஷியல்' பிராண்டு வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது.

விளைவு, கேமிங் பிசிக்கான டிடிஆர்5 ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கும் மேலே போனது. பழைய டிடிஆர்4 ரேமும் ஏறியது. எஸ்எஸ்டி விலையும் அதே வழியில் போனது. அதனால்தான் "மாத்திப் பார்ப்போம்" என்ற பழைய வைத்தியத்தைக் கடைசியில் வைக்க வேண்டியிருக்கிறது.

"ஆன் ஆகலை" என்பதில் நாலு வகை

கடையில் போய் "சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. முதலில் உங்கள் பிசி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

1. பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. ஃபேன், லைட் எதுவும் இல்லை. சந்தேகம்: கரண்ட், எஸ்எம்பிஎஸ், கேபினட் பட்டன்.

2. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. சந்தேகம்: ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, பிராசசருக்குப் போகும் கேபிள், பயோஸ் செட்டிங்.

3. மதர்போர்டு கம்பெனி லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை. சந்தேகம்: எஸ்எஸ்டி, பூட் செட்டிங், விண்டோஸ்.

4. விண்டோஸ் வந்த பிறகோ, கேம் விளையாடும்போதோ திடீரென ரீஸ்டார்ட் ஆகிறது, திரையில் எரர் வருகிறது. சந்தேகம்: எஸ்எம்பிஎஸ், சூடு, ரேம் வேகம், பிராசசர்.

2-வது வகை என்றால் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த கேமிங் போர்டுகள் பலவற்றில் நாலு சின்ன எல்இடி விளக்குகள் இருக்கும். பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என நாலுக்கும் தனித்தனி. ஆன் ஆகும்போது வரிசையாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, அந்தப் படியில்தான் கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறது. இது பலருக்கும் தெரியாத, காசே இல்லாத டெஸ்ட்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். தேதி, நேரம், கரண்ட் எப்படி இருந்தது, எத்தனையாவது தடவை பட்டன் அழுத்தியதும் வந்தது, எந்த லைட்டில் நின்றது. இவ்வளவு போதும்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. காலையில் முதல் தடவை மட்டும் தகராறு செய்து, ஒருமுறை வந்துவிட்டால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியென்றால் வயதான எஸ்எம்பிஎஸ், சரியாக உட்காராத ரேம் போன்றவற்றின் மேல் சந்தேகம் போகும். அதற்கு நேர்மாறாக, நன்றாகச் சூடான பிறகுதான் நிற்கிறதா? அப்போது கூலிங்கைப் பார்க்க வேண்டும். மாலை நேரத்தில் மட்டும் பிரச்னையா? அப்போது வீட்டுக்கு வரும் கரண்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ரேமைக் கழற்றி மாட்டி, கேபிளையும் மாற்றி, பயோஸையும் ரீசெட் செய்து எல்லாம் ஒரே மூச்சில் செய்தால், பிசி ஆன் ஆகலாம். ஆனால் எதனால் ஆனது என்பது தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வரும்போது பழைய இடத்திலேயே நிற்பீர்கள்.

சுவரில் இருந்து ஆரம்பிங்க

கேபினட்டைத் திறப்பதற்கு முன் சுவரில் உள்ள பிளக்கைப் பாருங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மானிட்டர், ஸ்பீக்கர், சார்ஜர், டேபிள் ஃபேன் எல்லாம் தொங்கினால், பிசியைத் தனியாக எடுத்து நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். லூஸான சாக்கெட்டில் லேசாகப் பொறி பறந்தாலே பிசி ரீஸ்டார்ட் ஆக அது போதும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். முழு லோடில் இருக்கும்போது கரண்ட் அறுந்தால், ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் மின்சாரத்தால் தாங்குவது சுமார் 16, 17 மில்லி செகண்ட்தான். அதாவது ஒரு சுற்றுகூட முழுசாக இல்லை. ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துவிடும். தீப்பெட்டித் தொழிலும் விசைத்தறியும் நடக்கும் திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரம் மாதிரியான இடங்களில், அதே லைனில் பெரிய மோட்டார்கள் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்குவது இயல்பு. ஃபேனுக்கு அது தெரியாது. கேமிங் பிசிக்குத் தெரியும்.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் 'சுர்ர்' என்று லேசாக அடிக்கிறதா? எர்த் சரியில்லை என்பதற்கான அறிகுறி அது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உள்ள இரைச்சல் தடுப்பு கெப்பாசிட்டர்கள் வழியாக வரும் சிறு கசிவு, எர்த் இருந்தால் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டிலேயே நிற்கும். கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்து, அதன் வேலைத்திறன் குறையும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். வயரிங்கில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த், நியூட்ரல் இரண்டையும் செக் பண்ணச் சொல்லுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் பிசியை ஓட்டுபவர்களுக்கு: பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண மோடில் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம், பிசி ஆஃப் ஆகலாம். இன்னொன்று, ஸ்கொயர் வேவ் வகை பழைய இன்வெர்ட்டர்களுக்கும் இப்போதைய தரமான எஸ்எம்பிஎஸ்களுக்கும் ஒத்துப்போகாது. எஸ்எம்பிஎஸ் இரையும், சில நேரம் ஆஃப் ஆகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் அல்லது யுபிஎஸ்தான் இதற்குச் சரி.

எஸ்எம்பிஎஸ்: கவனிக்கப்படாத குற்றவாளி

பட்ஜெட் போடும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒதுக்குவதுதான் நம்மில் பலரும் செய்வது. விட்டு விட்டு வரும் கோளாறில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதையே.

நீங்கள் பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் உடனே "எல்லாம் ரெடி" என்று சொல்லிவிடாது. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்கள் நிலைக்கு வந்த பிறகு, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் 'பவர் குட்' என்ற சிக்னலை மதர்போர்டுக்கு அனுப்பும். அந்த சிக்னல் வந்தால்தான் பிராசசர் வேலையைத் தொடங்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயதானால் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் பலவீனமாகி, வோல்டேஜ் நிலைக்கு வரத் தடுமாறும். சிக்னல் தாமதமாகும், அல்லது வராது. அதனால்தான் முதல் தடவை ஆன் ஆகாத பிசி, மூன்றாவது தடவை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஆன் ஆகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

● பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகு 24 பின் கேபிள், மதர்போர்டின் மேல் மூலையில் உள்ள 8 பின் பிராசசர் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் மூன்றையும் கழற்றி, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

● மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு கம்பெனி கேபிளை மாட்டவே கூடாது. பிளக் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் கருகிவிடும்.

● ஆன் ஆன பிறகு பயோஸ் திரையில் வோல்டேஜ் காட்டும். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ போகக் கூடாது. பயோஸ் காட்டும் எண் துல்லியமானது இல்லை, ஒரு குறிப்பு மட்டுமே. ஓரத்தில் நின்றால் மல்டிமீட்டர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் இருக்கும்.

ரேம்: வாங்கும் முன் இந்த டெஸ்ட்

முதலில் ஒரு பெரிய தவறான புரிதலைத் தீர்த்துவிடலாம். ஏஎம்டி ஏஎம்5 போன்ற டிடிஆர்5 பிளாட்ஃபார்ம்களில் முதல் தடவை ஆன் செய்யும்போதும், பயோஸ் ரீசெட் அல்லது அப்டேட் செய்த பிறகும், 'மெமரி ட்ரெயினிங்' நடக்கும். ரேமுடன் எந்த வேகத்தில், எந்த டைமிங்கில் பேசலாம் என்று பிராசசர் சோதித்துப் பார்க்கும் நேரம் அது. அப்போது திரை இருட்டாகவே இருக்கும். ரேம் அளவைப் பொறுத்து இது சில நிமிடங்கள்கூட ஆகலாம். பொறுமையில்லாமல் பாதியில் ஆஃப் செய்தால், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். "டெட் போர்டு" என்று முடிவு கட்டும் முன் பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கை மட்டும் மாட்டுங்கள். பெரும்பாலான 4 ஸ்லாட் போர்டுகளில், பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட் இதற்கானது. ஆன் ஆகிறதா? அடுத்த ஸ்டிக்கை அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் எல்லா ஸ்லாட்டிலும் தகராறு செய்தால் ஸ்டிக்கில் கோளாறு. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் எடுக்கவில்லை என்றால் கோளாறு போர்டிலோ பிராசசர் சாக்கெட்டிலோ இருக்கிறது. அப்போது புது ரேம் வாங்கினாலும் பிரச்னை தீராது. இந்த அரை மணி நேர டெஸ்ட்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போவது.

அடுத்து வேகம். பாக்கெட்டில் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 ரேம், தானாக அந்த வேகத்தில் ஓடாது. பெரும்பாலும் 4800 அல்லது 5600-ல்தான் தொடங்கும். பயோஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' ஆன் செய்தால்தான் 6000-க்குப் போகும். அது ஒருவகை ஓவர்க்ளாக்கிங். எல்லா பிராசசரும், எல்லா போர்டும் அதைத் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பிரச்னை நின்றுவிட்டால் ரேம் நல்ல ரேம்தான், செட்டிங்தான் கூடிப்போனது. வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிட் ஏற்கெனவே இருக்க, வேறொரு கிட் வாங்கிச் சேர்த்தவர்களும் கவனியுங்கள். ஒரே பிராண்டு, ஒரே வேகம் என்றாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். 4 ஸ்டிக் சேர்ந்தால் டிடிஆர்5-ல் வேகம் குறைவது சகஜம். தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு கிட், சேர்ந்தால் சண்டை போடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் 'மெம்டெஸ்ட்86' என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு எரர்கூட வரக் கூடாது என்பதுதான் கணக்கு.

கேம் கேட்கும் செக்யூர் பூட்: புதுத் தலைவலி

சமீப காலமாக ஆன் ஆகாத பிசிகளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அது பார்ட் கோளாறே இல்லை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வசதியும் வேண்டும். விண்டோஸ் 11-ல் 'வாலரண்ட்' விளையாட இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்டு 6' கேமும் செக்யூர் பூட் கேட்கிறது. கேம் கேட்கிறதே என்று பலரும் பயோஸுக்குள் போய் 'சிஎஸ்எம்' என்ற பழைய முறையை ஆஃப் செய்கிறார்கள். மறுநாள் பிசி வருவதில்லை.

காரணம் இரண்டு. விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பழைய 'எம்பிஆர்' முறையில் இருந்தால் புது முறையில் பூட் ஆகாது. மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் டிஸ்ப்ளேவே வராமல் போகலாம். இப்படி ஆனால் பதறாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை (சிஆர்2032) சில நிமிடம் கழற்றி மாட்டினால் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்கை 'ஜிபிடி' முறைக்கு மாற்றி, அதன் பிறகு சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்யலாம். இந்த பேட்டரி 3 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டரில் தேதி, நேரம் அடிக்கடி பழசாகிவிட்டால் பேட்டரியையே மாற்றிவிடுங்கள். மொத்த வேலையிலும் மலிவான பார்ட் இதுதான்.

பயோஸ் அப்டேட்டும் இப்போது தவிர்க்க முடியாததாகி வருகிறது. 2025 டிசம்பரில், ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஆகிய நிறுவனங்களின் சில மதர்போர்டுகளில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை ரயட் கேம்ஸ் வெளியிட்டது. அது பாதிக்கும் போர்டு வைத்திருப்பவர்கள் பயோஸை அப்டேட் செய்தால்தான் 'வாலரண்ட்' விளையாட முடியும் என்ற நிலை வந்தது. ஆனால் பயோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டே ஆன் ஆகாமல் போகலாம். அதனால் மழை, இடி நேரத்தில் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டவே வேண்டாம். யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுசாக ஆஃப் ஆகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பாதி நினைவை டிஸ்கில் சேமித்து வைக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழு பூட் நடக்கும். ரீஸ்டார்ட் ஒழுங்காக வேலை செய்து, ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் மட்டும் பிரச்னை வருகிறது என்றால் அந்த வசதியை ஆஃப் செய்து பாருங்கள்.

பிராசசரே பிரச்னையாக இருந்தால்?

பொதுவாக பிராசசர் கெட்டுப்போவது மிக அரிது. ஆனால் அண்மையில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, கேம் நடுவே நிற்பதாக 2024-ல் உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. தேவைக்கு அதிகமான வோல்டேஜை பிராசசரே கேட்டு வாங்கியதுதான் காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 2024 முதல் பயோஸ் வழியாகத் திருத்தம் வந்தது. பாக்ஸில் விற்ற பிராசசர்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு கூட்டி 5 ஆண்டாக்கியது.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தத் திருத்தம், மேலும் கெடாமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது. ரேம் விலைக்குப் பயந்து செகண்ட் ஹேண்ட் பிராசசர் தேடுபவர்கள், இந்தத் தலைமுறை உயர்ரக பிராசசர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய வேண்டாம். பில், வாரண்டி மிச்சம், பயோஸ் பதிப்பு மூன்றையும் கேளுங்கள். பாக்ஸ் இல்லாமல் 'ட்ரே' பிராசசராக விற்றதற்கு விற்றவரிடம்தான் வாரண்டி கேட்க வேண்டியிருக்கும்.

ஏஎம்டியும் தப்பவில்லை. 2023-ல் ரைசன் 7000 வரிசை பிராசசர்கள் சில கருகியபோது, வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்து பயோஸ் அப்டேட் கொடுத்தது. அந்தக் காலத்து ஏஎம்5 போர்டைப் பழைய பயோஸோடு இன்னும் ஓட்டுபவர்கள் அப்டேட் செய்வது நல்லது.

எந்த வரிசையில் செய்வது?

● சுவர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன், எர்த்.

● எல்லா பவர் கேபிளையும் கழற்றி மாட்டுவது.

● மதர்போர்டு எல்இடி எதில் நிற்கிறது என்று குறிப்பது.

● ஒரே ரேம், எக்ஸ்எம்பி ஆஃப்.

● பயோஸ் ரீசெட்.

● பிராசசரில் டிஸ்ப்ளே வசதி இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டிலேயே கேபிளை மாட்டிப் பார்ப்பது.

● கடைசியாக, மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அட்டைப் பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம் மட்டும் வைத்து ஆன் செய்வது. வெளியே வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது, உள்ளே வைத்தால் தகராறு என்றால், போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ தாங்கி தப்பான இடத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம், கேபினட் பட்டனில் கோளாறு இருக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் பிடிபடாமல், எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம் என்று வந்தால், புதிது வாங்கும் முன் நண்பர் ஒருவருடைய எஸ்எம்பிஎஸ்ஸை அதற்குரிய கேபிள்களோடு ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

வாரண்டி: பில்லைத் தூக்கிப் போடாதீங்க

அசெம்பிள் பிசியில் ஒரு சங்கடம் உண்டு. மொத்த பிசிக்கு ஒரு வாரண்டி கிடையாது, ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி. எந்த பார்ட் என்று நீங்கள் சொன்னால்தான் அந்தக் கம்பெனி கேட்கும். "எங்க போர்டு நல்லாத்தான் இருக்கு, ரேமைப் பாருங்க" என்று அங்கும், "ரேம் நல்லாத்தான் இருக்கு" என்று இங்கும் அலையவிடுவார்கள். நோட்டில் எழுதிய குறிப்பும், எரர் வந்த திரையின் ஃபோட்டோவும், எல்இடி நின்ற வீடியோவும் அங்கேதான் கைகொடுக்கும்.

ரேமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட கால வாரண்டி தருகின்றன. இப்போதைய விலையில் அந்தப் பழைய பில்லுக்கு மதிப்பு அதிகம். க்ரூஷியல் ரேம் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். ஏற்கெனவே விற்ற பொருட்களுக்கு வாரண்டி சேவை தொடரும் என்று மைக்ரான் சொல்லியிருக்கிறது.

வாரண்டி இருந்தும் கடையோ கம்பெனியோ கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பொருளை வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பெங்களூருவில் இருந்து ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் இது பொருந்தும். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்?

கருகிய வாசனை வந்தால், புகை வந்தால், பிளக் சூடாகி உருகியிருந்தால், கேபினட் பலமாக ஷாக் அடித்தால் அத்தோடு நிறுத்துங்கள். மறுபடி ஒரு தடவை ஆன் செய்து பார்க்க வேண்டாம். பிராசசரைக் கழற்றி சாக்கெட் பின்களைப் பார்ப்பதும் பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம். ஒரு பின் வளைந்தால் போர்டு வாரண்டியே போய்விடும்.

அந்தக் கட்டத்தில் கடைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் "ஆன் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், "ஒரு ரேமில் ஆன் ஆகுது, நாலாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் ஆகலை, எக்ஸ்எம்பி ஆஃப்ல இருக்கு, எர்த் செக் பண்ணியாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வரியில் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். தேவையில்லாத பார்ட் உங்கள் பில்லில் ஏறவும் வழியில்லை.